அம்மா போட்ட கையெழுத்து

1828 பிப்ரவரி 21, நம் தலைநகர் நியூ எக்கோட்டா

அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கிகள் நமக்கென்று ஒரு பத்திரிகை: 'செரோக்கி ஃபீனிக்ஸ்' முதல் இதழ் வந்துவிட்டது! பாதி இங்கிலீஷ், பாதி நம்மவர் செக்வோயா உருவாக்கிய நம் எழுத்து. அச்செழுத்துகளை பாஸ்டனில் வார்த்து வரவழைத்தார்களாம். மை விரலில் ஒட்டுகிறது. போன வருஷம் நாமே இயற்றிக்கொண்ட அரசியல் சட்டத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நம் எல்லை எதுவரை என்று போட்டிருக்கா?"

முதல் பிரிவே அதுதான் என்றேன். மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

1832 ஏப்ரல்

ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செரோக்கி மண்ணில் செல்லாது என்று அமெரிக்கத் தலைமை நீதிபதி மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஊரெல்லாம் விடிய விடிய ஆட்டம். அம்மா மட்டும், "அதை நிறைவேற்ற யார் வருவார்கள்?" என்று கேட்டாள்.

1833 மார்ச்

யாரும் வரவில்லை. குலுக்கல் சீட்டோடு ஒருவன்தான் வந்தான். ஜார்ஜியாக்காரர்கள் எங்கள் நிலத்தை 160 ஏக்கர் துண்டுகளாக்கித் தங்களுக்குள் சீட்டுக் குலுக்கிவிட்டார்கள். வாசலில் நின்று பீச் மரங்களை எண்ணினான். எங்களில் வீடும் வயலும் பெண்களுடையவை. அவன் அம்மாவை ஏறிட்டும் பார்க்காமல் மாமாவைக் கூப்பிட்டான்.

1835 டிசம்பர் 30

நேற்று, 'ஃபீனிக்ஸ்' ஆசிரியராக இருந்த பூடினாட் வீட்டில், நம்மில் சிலர் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள நம் நிலம் முழுவதையும் 50 லட்சம் டாலருக்கு அமெரிக்க அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தலைவர் ஜான் ராஸ் ஊரிலேயே இல்லை. நம் எழுத்தில் முதன்முதலாகப் பத்திரிகை நடத்தியவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதுதான் ஆறவில்லை.

1838 பிப்ரவரி

அந்த ஒப்பந்தம் நம்முடையது அல்ல என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு மனு போகிறது. தாள் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நான் போட்டேன், மாமா போட்டார். அம்மாவுக்குப் பதில் நானே எழுதுகிறேன் என்றதற்கு விடவில்லை. அடுப்புக்கரியால் மரப்பட்டையில் ராத்திரி முழுக்க எழுதிப் பழகினாள். அவள் பெயருக்கு நான்கு எழுத்து. மூன்றாவது திரும்பத் திரும்பக் கவிழ்ந்துகொண்டது.

"இருக்கட்டும், புரியும்மா."

"தப்பாகப் போட்டால் இப்படி ஒருத்தியே இல்லை என்பார்கள்."

விடிந்ததும் தாளில் சரியாகப் போட்டாள். மொத்தம் 15,000 பெயருக்கு மேல் சேர்ந்ததாம்.

1838 மே 28, முகாம்

முந்தாநாள் எங்களை மண்ணைவிட்டு வெளியேற்றச் சிப்பாய்கள் வந்தார்கள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, இறக்கக்கூட விடவில்லை. மரவேலிக்குள் அடைத்திருக்கிறார்கள், மேலே கூரை இல்லை. அம்மா மடியில் விதைச்சோளம் முடிந்து வைத்திருக்கிறாள். குழந்தைகள் பசியில் அழுகின்றன, அதை அவிழ்க்க மாட்டேன் என்கிறாள்.