பிறவி இதயக் குறைபாடும் அகச்சிவப்பு ஒளியும்

பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று இதய அமைப்பில் ஏதோவொரு குறையுடன் பிறக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம், அதை இன்னும் முன்கூட்டியே கண்டறிய வழியில்லையா என்ற கேள்வி என்னை விடுவதில்லை. மீயொலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையே இன்றும் முதன்மையான வழி. ஆனால் அது காட்டுவது இதயத்தின் வடிவத்தையும் குருதியோட்டத்தையும்தான், குருதியின் வேதியியலை அன்று.

இதயக் குறை குருதியின் வேதியியலில் ஏதேனும் தடம் பதிக்கிறதா என்று தேடும் அந்த இடத்தில்தான் அகச்சிவப்பு நிறமாலையியல் என்னை ஈர்க்கிறது. மூலக்கூறுகளிலுள்ள ஒவ்வொரு வகைப் பிணைப்பும் தனக்குரிய அதிர்வெண்களில் அதிர்வதால், ஒரு துளி சீரத்தின் (குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீரின்) வழியே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, எந்தெந்த அலைகள் உறிஞ்சப்பட்டன என்பதைக் கொண்டு அதிலுள்ள புரதம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றின் ஒட்டுமொத்தச் சாயலைப் பெறலாம். புரதங்களின் முதன்மையான அமைடு பட்டை (அவற்றின் அமைடு பிணைப்புகள் ஒளியை உறிஞ்சும் பகுதி) சென்டிமீட்டருக்கு 1650 அலைகள் என்ற இடத்தையொட்டித் தோன்றும். நீரும் ஏறக்குறைய அங்கேயே வலுவாக உறிஞ்சுவதால், மாதிரியை உலர்த்திய பின் பதிவு செய்வது வழக்கம்.

இம்முறை தனியொரு மூலக்கூறைச் சுட்டாததால், காணப்படும் வேறுபாடு இதயக் குறையால் வந்ததா, குறைமாதப் பிறப்பு, நோய்த்தொற்று, மருந்து போன்றவற்றால் வந்ததா எனப் பிரித்தறிவது கடினம். ஒரே மருத்துவமனையின் சில மாதிரிகளில் மட்டும் கிடைத்த முடிவை ஏற்க நான் தயங்குவேன்.

இதற்கு உறவான இன்னொரு முறையோ ஏற்கெனவே அறுவை அரங்கில் பயன்படுகிறது. 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பு ஒளி குழந்தையின் மெல்லிய மண்டையோட்டை ஊடுருவுவதால், இதய அறுவையின்போது மூளைத் திசுவில் ஆக்சிஜன் குறைவதை மருத்துவர்கள் உடனுக்குடன் அறிய முடிகிறது.