நெதர்லாந்தின் கணக்கில் ஏறும் ஜெர்மானியக் கடன்

மத்திய வங்கிகளின் பொது வங்கியாக பாசெல் நகரில் இயங்கும் பன்னாட்டுத் தீர்வு வங்கியின் (BIS) புள்ளிவிவரங்களில், வங்கி அல்லாதோர் பன்னாட்டுச் சந்தையில் வெளியிட்ட குறுகிய காலக் கடன் பத்திரங்களின் நிலுவை (இன்னும் திருப்பிச் செலுத்தப்படாத தொகை) நாடுவாரியாகக் கிடைக்கிறது. ஜெர்மனியின் புள்ளிவிவர வரிசையையும் நெதர்லாந்தின் வரிசையையும் அருகருகே வைத்து, எந்த நாட்டின் நிறுவனங்கள் இத்தகைய கடனை அதிகம் நம்பியிருக்கின்றன என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் இருப்பிட அடிப்படையிலான வரிசை, பத்திரத்தை வெளியிட்டவர் எங்கே பதிவு பெற்றிருக்கிறார் என்பதை மட்டுமே காட்டும். கடன் உண்மையில் யாருடையது என்பதைக் காட்டாது.

ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ, சீமென்ஸ் ஆகிய மூன்றுக்கும் நெதர்லாந்தில் பதிவான நிதித் துணை நிறுவனங்கள் உள்ளன. சந்தையில் பத்திரம் விற்றுத் திரட்டிய பணத்தைத் தம் குழுமத்திற்குள் கடனாக அளிப்பதே அவற்றின் முதன்மையான பணி. அந்தப் பத்திரங்களுக்கு ஜெர்மனியிலுள்ள தாய் நிறுவனம் உத்தரவாதம் தருவதால், முதலீட்டாளர் எடைபோடுவதும் தாய் நிறுவனத்தின் தரத்தைத்தான். வெளி முதலீட்டாளருக்குச் செலுத்தும் வட்டியில் நெதர்லாந்து வழக்கமாக வரி பிடிப்பதில்லை என்பதும், அந்நாட்டின் விரிவான வரி ஒப்பந்தங்களும் இந்த ஏற்பாட்டிற்கு முக்கியக் காரணங்கள். பிரேசிலின் பெட்ரோப்ராஸ் நிறுவனமும் ராட்டர்டாமில் இப்படியொரு துணை நிறுவனத்தை வைத்திருக்கிறது. ஆகவே, தாய் நிறுவனத்தின் நாட்டைக் கணக்கில் கொள்ளும் தேசிய அடிப்படையிலான வரிசையையும் உடன் பார்க்காமல் இவ்விரு நாடுகளை ஒப்பிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

'குறுகிய காலம்' என்பதையும் கவனமாகப் படிக்க வேண்டும். வெளியிடும்போது ஓராண்டுக்கு மேற்படாத தவணை கொண்டவை மட்டுமே இதில் சேரும் என்றால், அடுத்த மாதம் முதிரவிருக்கும் பத்தாண்டுப் பத்திரம் நீண்ட காலக் கடனாகவே நிற்கும். கடனைப் புதுப்பிக்க முடியாமல் போகும் ஆபத்தை அறிய விரும்புவோருக்கு, முதிர்வுக்கு எஞ்சிய காலத்தின்படி அமைந்த கணக்கே உதவும். அதேபோல், மூன்று மாத வணிகத்தாளை (நிறுவனங்கள் வெளியிடும் குறுகிய காலக் கடன் பத்திரம்) ஆண்டு முழுவதும் புதுப்பிக்கும் நிறுவனம் மொத்த வெளியீட்டில் நான்கு முறை இடம்பெறும், நிலுவையோ மாறாது.

இத்தொகைகள் டாலரில் தரப்படுவதால் வேறொரு மயக்கமும் நேர்கிறது. 2021-ன் தொடக்கத்தில் 1.20 டாலருக்கு மேலிருந்த யூரோ, 2022 ஜூலையில் ஏறத்தாழ 1 டாலருக்கு இறங்கியது. யூரோவில் எந்த மாற்றமும் இல்லாத கடன்கூட டாலர் கணக்கில் ஆறில் ஒரு பங்கு சுருங்கித் தோன்றும்.

இதனால் இருப்பிட வரிசை பயனற்றது என்று நான் கூறவில்லை. 2020 மார்ச்சில் சந்தை நெருக்கடிக்கு உள்ளானபோது, ஐரோப்பிய மத்திய வங்கி தன் நிறுவனப் பத்திரக் கொள்முதல் திட்டத்தை நிதித் துறை சாராத நிறுவனங்களின் வணிகத்தாள்களுக்கும் விரிவுபடுத்தியது. பிற தகுதிகளோடு, வெளியிட்ட நிறுவனம் யூரோ மண்டலத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதியாக இருந்தது. தாய் நிறுவனம் அம்மண்டலத்திற்கு வெளியே இருப்பது அதற்குத் தடையாக இருக்கவில்லை. இத்தகைய கேள்விகளுக்கு, பதிவான இடத்தைக் காட்டும் இருப்பிட வரிசையே பொருத்தமானது.