பாப்பாவுக்குள் நுழையாத கால்சியம்

ஜூன் 4
தங்கை பாப்பா இன்றும் என் பெயரைச் சொல்லவில்லை.

ஜூன் 6
முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரின் ரிசல்ட் வந்துவிட்டது. பாசிட்டிவ். நரம்புச் செல்லின் மேல் கால்சியத்துக்கு வாசலாக இருக்கும் புரதமான என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி.

டாக்டர் பேசி முடிக்கும்வரை அம்மா என் முகத்தையேதான் பார்த்தாள். "நீ படிக்கியது இதத்தானே மக்ளே?"

இதேதான் அம்மா. அந்த ஏற்பியின் வால் துண்டுதான் தினமும் லேபில் என் சோதனைக் குழாயில் இருக்கிறது.

2007-இல் நரம்பியல் மருத்துவர் டால்மாவின் குழு இந்த மூளை அழற்சி நோயை அடையாளம் கண்டபோது அதில் 12 பெண்கள். எல்லோருக்கும் டெரட்டோமா என்ற கட்டி, பெரும்பாலும் சினைப்பையில். பாப்பாவுக்கு ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை.

ஜூன் 7
தூக்கம் வரவில்லை. நரம்புச் செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். அடுத்த செல் அனுப்பும் குளூட்டமேட் ஏற்பியில் வந்து ஒட்ட வேண்டும், செல்லின் மின்னழுத்தம் ஏறி வாசலை அடைத்திருக்கும் மெக்னீசியம் வழிவிட வேண்டும், அப்போதுதான் கால்சியம் உள்ளே பாயும். உள்ளே கால்மோடுலின் என்ற புரதம் நான்கு கால்சியம் அயனிகளைப் பிடிக்கும். பிடித்ததும் வடிவம் மாறிப் போய் காம்கைனேஸ்-2 என்ற நொதியின் மேல் சுற்றிக்கொள்ளும். காம்கைனேஸ் விழித்துக்கொண்டு அதே ஏற்பியின் ஒரு பகுதியான குளூஎன்2பி-யின் வாலில் போய் அமரும். ஒரு நினைவு பதிகிற இடத்தில் நடப்பது இதுதான்.

ஆன்டிபாடி அந்த ஏற்பிகளை இரண்டிரண்டாகக் கோத்து செல்லுக்குள் இழுத்துவிடுகிறது. வாசலும் இல்லை, அமர இடமும் இல்லை.

ஜூன் 9
லேபுக்குப் போனேன். கால்சியம் சேர்த்த குழாயில், காம்கைனேஸ் வாலில் அமர்ந்ததைக் காட்டும் பட்டை கறுப்பாக, தெளிவாக வந்திருந்தது. இஜிடிஏ போட்டு கால்சியத்தைப் பிடுங்கிய குழாயில் ஒன்றுமே இல்லை. அப்படித்தான் வர வேண்டும். நல்ல பிளாட், புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை. அந்த வெற்றிடத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 10
வாயை மென்றுகொண்டே இருக்கிறாள். உதடு புண்ணாகிவிட்டது.

ஜூன் 12
ஸ்டீராய்டோடு, பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளான இம்யூனோகுளோபுலினும் ஏறத் தொடங்கியது. முதலில் பார்த்த டாக்டர் மனநோய் என்று மாத்திரை எழுதினார். சித்தி மந்திரிக்க ஆள் கூட்டி வந்தாள். சித்தி மேல் கோபமில்லை, அவளுக்குத் தெரிந்தது அது. அந்த மாத்திரைச் சீட்டை மட்டும் கிழித்துப் போட வேண்டும்போல் இருக்கிறது.

ஜூன் 13
ஒரு காம்கைனேஸில் 12 துணையலகுகள், ஒன்றோடொன்று சேர்ந்த துண்டுகள். மீண்டும் 12. கால்சியம் இருக்கும்போதே ஒரு துண்டு பக்கத்துத் துண்டின் 286-ஆவது இடத்திலுள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டைப் பதித்துவிட்டால், கால்சியம் போன பிறகும் அது விழித்தே இருக்கும். 1998-இல் அந்த ஒரு திரியோனினை அலனைன் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றிய எலிகளை நீரில் விட்டார்கள். மறைந்திருந்த மேடை எங்கே என்று அவற்றால் கற்க முடியவில்லை.

பாப்பா இந்த நாட்களை நினைவில் வைக்க மாட்டாள். அது போகட்டும். பழையவை? தாத்தா தோளிலிருந்து சுசீந்திரம் தேர் பார்த்தது?

ஜூன் 16
2010-இல் செய்த ஆய்வை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். வளர்ப்புத் தட்டில் இருந்த நரம்புச் செல்களிலிருந்து ஆன்டிபாடியை நீக்கியதும் ஏற்பிகள் மேலே திரும்பி வந்தன. செல்கள் சாகவில்லை. செல்களுக்கு இடையிலான சந்திப்புகளும் குறையவில்லை.

"அப்ப திரும்பி வரும், இல்லியா?"

"வரும்மா."

2013-இல் வந்த பெரிய ஆய்வில் 24 மாத முடிவில் 81 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். மீதியைப் பற்றி அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 18
வலிப்பு. இரவு முழுக்க.

ஜூன் 20
ரிடுக்சிமாப் என்ற மருந்து கொடுக்கலாம் என்கிறார்கள். ஆன்டிபாடி செய்யும் செல்களாக மாறப்போகிற பி செல்களை அது அழிக்கும். ஏற்கெனவே மாறிவிட்டவற்றை அது தொடாது, அதனால் பலன் தெரிய வாரங்கள் ஆகும். ஆகட்டும். குழாயில் ஒரு துளி கால்சியம் விட்டதும் நடந்துவிடுகிற காரியம் இவளுக்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?

ஜூன் 21
அம்மா போன் பண்ணினாள். விரலைக் கொடுத்தால் பிடிக்கிறாளாம். தானாக அசைகிற கை அல்ல, பிடிக்கிறாள் என்று இரண்டு தடவை சொன்னாள். காலை முதல் பஸ்ஸில் நாகர்கோவில் போகிறேன். ரிடுக்சிமாபுக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டுமாம். அப்பா இன்னும் போனை எடுக்கவில்லை.