உவரிப் பக்கம் வாடகை வீடு: வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு வருபவர்களுக்கு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிறந்து அந்நாட்டுக் குடியுரிமையோடு இருக்கும் நம்மவர்கள், தாத்தா ஊர்ப் பக்கம் கடலோரமாக ஆறு மாதமோ ஒரு வருடமோ குடியிருக்க ஆசைப்பட்டு வருகிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில், கூட்டப்புளியிலிருந்து உவரி, மணப்பாடு, குலசை (குலசேகரன்பட்டினம்) வரை வீடு தேடும் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, மொட்டைமாடியில் நின்றால் அலை தெரியுமா என்பதுதான். அலை தெரிகிற வீட்டுக்கு வாடகை கூடுதல், ஆயுசு குறைவு. கடலை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே வாருங்கள். சைக்கிளில் பத்து நிமிடத்தில் கரைக்குப் போய்விடலாம். உப்புக்காற்றின் கடுமை குறைந்திருக்கும்.

கடற்கரை ஊருக்குள் காலி வீடு அபூர்வம். சொந்தபந்தம் நெருங்கிக் கட்டிய வீடுகள் அவை. காலியாகும் ஒன்றிரண்டும் டு-லெட் பலகை வரைக்கும் வராது. கோயில் வாசலிலும் அண்ணாச்சி கடையிலும் பேச்சாகவே முடிந்துவிடும். ஊர்க்காரர் ஒருவரோடு போங்கள். தனி ஆளாகப் போய்க் கேட்டால், வீடு இருந்தாலும் இல்லை என்றே பதில் வரும். வாடகைக்கென்றே கட்டிய வீடுகள் திசையன்விளை, உடன்குடி, ராதாபுரம் போன்ற கடைத்தெரு ஊர்களில்தான் கிடைக்கும். திசையன்விளையிலிருந்து உவரி சுமார் 10 கிலோமீட்டர், பஸ் உண்டு. கூடங்குளத்தைச் சுற்றி அணுமின் நிலைய ஒப்பந்த வேலைக்கு வருபவர்கள் வீடு பிடிப்பதால் அங்கே பேரம் படிவது கஷ்டம். வெளிநாட்டுக் குடிமக்கள் அந்தப் பக்கம் வீடு பார்க்குமுன் உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். காங்கிரீட் தளத்தின் அடியில் கம்பி ஓடும் வழியிலேயே காவி நிறத்தில் கோடு விழுந்திருக்கிறதா? உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்திருக்கிறது. துரு கம்பியைவிட அதிக இடம் பிடிக்கும். அதுதான் காரையைக் கீழே தள்ளுகிறது. கம்பு ஒன்றால் தட்டினால் நல்ல இடம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், விட்டுப்போன இடம் பொத்தென்று பொள்ளலாகக் கேட்கும். புது வெள்ளை அடித்து மறைத்திருந்தாலும் இந்தச் சத்தம் மறையாது. கட்டில் போடும் இடத்துக்கு மேலே அப்படிக் கேட்டால் அந்த வீடு வேண்டாம். ஃபேன் மாட்டிய கொக்கியையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஃபேன் புதிதாக இருக்கும், கொக்கி வீடு கட்டிய நாளிலிருந்து கிடக்கும்.

அடுத்தது தண்ணீர். மணல் பூமியில் மழைத்தண்ணீர் எடை குறைவாக மேலே மிதக்கும், கடல் தண்ணீர் அதற்கு அடியில் கிடக்கும். அதனால்தான் பழைய கிணற்றில் குடிக்கிற மாதிரி தண்ணீர் இருக்கும்போது, அதே காம்பவுண்டில் ஆழமாகப் போட்ட போர்வெல்லில் உப்பாக வருகிறது. ஆழம் கூடினால் நல்ல தண்ணீர் வரும் என்ற கணக்கு இங்கே செல்லாது. வீட்டுக்காரரிடம், "அண்ணாச்சி, தண்ணி குடிக்கவா, குளிக்க மட்டுமா? சித்திரையில எப்படி இருக்கும்?" என்று சேர்த்தே கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். குடிநீருக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. அதற்கு மேல் போனால் வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் தாங்காது, ஃபில்டர் மாற்றியே காசு கரையும். பஞ்சாயத்துக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

ஆனி, ஆடிக் காற்றில் மேற்குப் பக்க ஜன்னல் வழியாக மணல் உள்ளே வரும். வேறு மாதத்தில் பார்க்கிறீர்கள் என்றால் ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள், எவ்வளவு வரும் என்று அதுவே சொல்லும்.

இனி காகிதம். வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையத்தில் அதைப் பதிய வேண்டும். ஃபார்ம் சி என்று இத்தனை காலமும் சொல்லி வந்த பதிவு அது. வீட்டுக்காரர்கள் பலர் மறுப்பதற்குக் காரணம் வெறுப்பு அல்ல, இந்தப் பதிவு பற்றிய பயம். பாஸ்போர்ட், விசா, வந்திறங்கிய முத்திரை, புகைப்படம் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு போய், அவர் கூடவே உட்கார்ந்து செய்து கொடுங்கள். பாதிப் பேர் அதிலேயே சம்மதித்துவிடுவார்கள்.

சாவி வைத்திருப்பவர் வீட்டுக்காரர் என்று நம்பிவிடாதீர்கள். வீட்டின் சொந்தக்காரர் மும்பையிலோ வளைகுடாவிலோ இருப்பார், சாவி மைத்துனரிடம் இருக்கும். வீட்டு வரி ரசீதில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால், சொந்தக்காரர் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் கேளுங்கள். பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. கிராமத்திலும் அதையே அளவாக வைத்துப் பேசலாம். மாத வாடகை இல்லாமல் மொத்தப் பணம் கொடுக்கும் ஒத்தி இங்கே சகஜம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் அதைத் தொட வேண்டாம். ஒத்தி என்பது அடமானம். சிக்கல் வந்தால் பணத்தைத் திரும்ப வாங்க ஊரில் இருந்து அலைய ஆள் வேண்டும்.

கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ளது. வீட்டுக்காரர் மீட்டரிலேயே ஓட்டினால் இரண்டு குடும்பத்து யூனிட்டும் கூடி மேல் விகிதத்துக்குப் போய்விடும். சமையலுக்கு முகவரிச் சான்று கேட்காத 5 கிலோ சிலிண்டர் போதும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி மறக்காமல் சேருங்கள்: திருவிழா நாட்களிலும் வீடு வாடகைதாரரிடமே இருக்கும். குலசை தசராவுக்கும், திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கும், உவரி அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கும் அறைகள் நாள் வாடகைக்குப் போகும். அந்தப் பத்து நாள் மட்டும் ஒதுங்கிக்கொள்ளச் சொல்கிற வீட்டுக்காரர் உண்டு, சொந்தக்காரர்களை அழைத்து வந்து உங்கள் ஹாலில் படுக்க வைப்பவரும் உண்டு. அதை முன்கூட்டிச் சொல்லி, அந்த மாத வாடகையைக் குறைத்துக்கொள்கிறவரோடு தாராளமாக ஒத்துப்போகலாம்.