செல்லப்பிராணி ஆப் ப்ராஜெக்ட்: பாயின்ட் யாருக்கு, பாடு யாருக்கு?

டிசைன் படிப்பில் கேமிஃபிகேஷன் (அன்றாட வேலைக்குப் பாயின்ட், போட்டி வைத்து விளையாட்டாக்குவது) ப்ராஜெக்ட் என்றதும் பலருக்கும் தோன்றும் தலைப்புகளில் ஒன்று செல்லப்பிராணிப் பராமரிப்பு. நானும் அதைத்தான் எடுத்தேன். சென்னையில் நாய் வளர்க்கும் குடும்பங்களின் தினசரி வேலைகளை விளையாட்டாக்கும் ஆப், அதன் ப்ரோட்டோடைப் (செய்து பார்க்கும் மாதிரி). அடுத்து இதை எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உடற்பயிற்சி ஆப்பில் விளையாடுகிறவரும் பலனை அனுபவிக்கிறவரும் ஒரே ஆள். இங்கே பாயின்ட் மனிதருக்கு, பாடு நாய்க்கு. குளிப்பாட்டினால் 20 பாயின்ட் என்று வைத்துப் பாருங்கள்: ஆர்வக்கோளாறில் அடிக்கடி ஷாம்பு போட்டு, நாய்க்குத் தோல் வறண்டு அரிப்பு வந்துவிடும். பிஸ்கட் கொடுத்தால் பாயின்ட் என்றால் கேட்கவே வேண்டாம். நொறுக்குத்தீனி ஒரு நாளின் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதனால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்: இதை இரண்டு மடங்கு செய்தால் நாய்க்கு என்ன ஆகும்? பதில் மோசமாக இருந்தால் அந்த டாஸ்க்குக்கு உச்சவரம்பு வேண்டும், அல்லது பாயின்ட்டே வேண்டாம்.

பயனர் நேர்காணலில் "தினமும் வாக்கிங் கூட்டிப்போவீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "நேற்று சாயங்காலம் யார் கூட்டிப்போனது?" என்று கேளுங்கள். வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பிப்பார்கள். தடுப்பூசிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மருந்துக் குப்பியின் லேபிளை ஒட்டி, அடுத்த தேதியை டாக்டர் கையால் எழுதியிருக்கும் அந்தச் சின்னப் புத்தகம் பல வீடுகளில் உடனே கைக்குக் கிடைக்காது. எனக்குத் தெரிந்தவரை உண்மையான பிரச்சினை சோம்பல் கிடையாது. யார் எதைச் செய்தார்கள் என்று மற்றவருக்குத் தெரியாததுதான். அம்மா காலையில் சாப்பாடு வைத்தது தெரியாமல் அண்ணன் மறுபடி வைப்பார். நாயும் "எனக்கு ஆச்சு" என்று சொல்லப்போவதில்லை. ஆகவே என் முதல் திரை ஸ்கோர் பலகையாக இல்லாமல், "சாப்பாடு வச்சாச்சு" என்ற ஒற்றைப் பொத்தானாக வந்தது. ஒருவர் அழுத்தினால் வீட்டில் எல்லார் போனிலும் அது மாறும். இரண்டாவது ஆளுக்குப் பாயின்ட் கிடையாது.

யார் முதலிடம் என்று காட்டும் லீடர்போர்டை நான் சேர்க்கவில்லை. அப்பாவுக்கும் தங்கைக்கும் போட்டி வைத்தால், மே மாத மத்தியான வெயிலில் நாயை இழுத்துக்கொண்டு ஒருவர் கிளம்புவார். தார் ரோட்டில் அதன் பாதம் வெந்துபோகும். வாக்கிங் டாஸ்க் காலையிலும் சாயங்காலமும் மட்டும் திறக்கும்படி வைத்தேன். பாயின்ட்டும் தனி ஆளுக்கு இல்லாமல் குடும்பத்துக்கு மொத்தமாக.

எதற்குப் பாயின்ட் தருவது என்று முடிவு செய்ய 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் செய்த ஆய்வைப் படியுங்கள். படம் வரைவதை விரும்பிச் செய்த குழந்தைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு பரிசு இல்லாதபோது அந்தக் குழந்தைகளின் ஆர்வம் குறைந்திருந்தது. நாயோடு விளையாடுவது ஏற்கெனவே பிடித்த வேலை. அதற்குப் பாயின்ட் கொடுத்துக் கெடுக்காதீர்கள். யாருக்கும் பிடிக்காத வேலைகளுக்குக் கொடுங்கள்: வெளியே போய் வந்ததும் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பது, பல் தேய்ப்பது, மாதம் ஒருமுறை எடை பார்ப்பது. உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சாதாரணமாக வருவதால், தேடிப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று பதிந்தாலும் முழுப் பாயின்ட் உண்டு. பூச்சி மருந்து, ரேபிஸ் ஊசி இரண்டும் டாக்டர் குறித்த தேதியில் வரும் நினைவூட்டல் மட்டும். அவற்றை விளையாட்டுக்குள் இழுக்காதீர்கள்.

ஸ்ட்ரீக், அதாவது ஒரு நாளும் விடாமல் செய்துவரும் தொடர்ச்சி, பற்றி ஒரு வார்த்தை. 1996-ல் பண்டாய் வெளியிட்ட தமகோச்சியில் கவனிக்காமல் விட்டால் பொம்மைப் பிராணி செத்துவிடும். அது பொம்மைக்குச் சரி. வீட்டில் நிஜ நாய் இருக்கும்போது திரையில் ஒரு கார்ட்டூன் நாய் அழுதால், மனிதர் ஆப்பைத்தான் தூக்கிப்போடுவார். ஊருக்குப் போனால் பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுக்கும் வசதி வைத்தால் போதும், தொடர்ச்சி அறுபடாது.

ப்ரோட்டோடைப்பை முதலில் காகிதத்தில் போட்டுவிட்டு அப்புறம் திரைகளை வரையும் ஃபிக்மா மென்பொருளுக்குப் போங்கள். அதில் 2023-ல் வந்த வேரியபிள் (மாறும் மதிப்பைச் சேமித்து வைக்கும்) வசதியால் பொத்தானை அழுத்தியதும் எண்ணிக்கை மாறுவதைக் காட்டலாம். பாயின்ட் ஏறும் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனித் திரை வரைந்து சாக வேண்டாம்.

சோதனையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஐந்து பேரைப் பத்து நிமிஷம் உட்காரவைத்தால், பொத்தான் கண்ணில் படுகிறதா என்பது தெரியும். பழக்கம் உருவாகுமா என்பது தெரியாது. அதற்கு விசார்ட் ஆஃப் ஆஸ் முறை இருக்கிறது: ஒரு குடும்பத்தை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, ஆப் செய்ய வேண்டியதை நீங்களே கையால் செய்யுங்கள். காலையில் டாஸ்க் அனுப்புங்கள், "ஆச்சு" என்று பதில் வந்தால் பாயின்ட்டைக் கூட்டிப் போடுங்கள். எத்தனையாவது நாளில் பதில் நிற்கிறது, யார் மட்டும் பதில் போடுகிறார் என்பதெல்லாம் அறிக்கைக்குத் தங்கமான தரவு. கோட் ஒரு வரிகூட வேண்டாம். ஆப் பயன்படுத்த எளிதா என்று அளக்கும் எஸ்யூஎஸ் (System Usability Scale) படிவமும் வாங்குங்கள், பத்தே கேள்வி. ஆனால் 100-க்குப் போடும் அந்த மதிப்பெண்ணில் 68-ஐ ஒட்டித்தான் சராசரி. அந்த எண் சதவீதமும் இல்லை. "எங்களுக்கு 70 சதவீதம் வந்தது" என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சொன்னால் தேர்வாளர் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

வைவாவில் பெரும்பாலும் வரும் கேள்வி, "பாயின்ட்டை எடுத்துவிட்டால் உங்கள் ஆப்பில் என்ன மிஞ்சும்?" என்பது. வாட்ஸ்அப் சோதனையைப் பாதியில் பாயின்ட் இல்லாமல் ஓட்டிப் பார்த்திருந்தால் இதற்குப் பதில் கையிலேயே இருக்கும். சோதனை தொடங்குவதற்கு முன் டாஸ்க் பட்டியலை ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டி வாங்கிய திருத்தங்களையும் பின்னிணைப்பில் வையுங்கள். அந்தப் பக்கத்தைத் தேர்வாளர்கள் கட்டாயம் புரட்டுவார்கள்.