ஈரலில் கொழுப்பு: 16 வாரங்கள் வெள்ளெலிகளோடு

கல்லடியில் இருக்கும் என் மாமாவுக்கு ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்தது. "நான் குடிப்பதே இல்லையே பிள்ளை, எனக்கு ஏன் வந்தது?" என்று கேட்டார். பட்டப்பின் ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி போதுமாக இருந்தது. வெள்ளெலிகளுக்கு உணவின் மூலமே அந்த நோயை வரவழைத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

எந்த உணவு என்பதில்தான் முதலில் இடறினேன். மெத்தியோனின், கோலின் என்ற இரண்டு ஊட்டச்சத்துகளும் இல்லாத உணவு சில வாரங்களிலேயே வேலையைக் காட்டிவிடும். கோலின் இல்லாத ஈரலால் கொழுப்பைப் பொதிசெய்து இரத்தத்துக்கு அனுப்ப முடியாது. கொழுப்பு அங்கேயே தேங்கி அழற்சியும் வந்துவிடும். அவகாசம் குறைவாக இருந்ததால் ஆய்வு விண்ணப்பத்தில் அதையே எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்த உணவில் எலி மெலிந்துபோகும். மாமாவின் தொந்தியும் சர்க்கரை வியாதியும் அதில் வராது. "இந்த எலி யாருடைய நோயைக் காட்டப்போகிறது?" என்று விலங்காய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் ஒருவர் கேட்டார். பதில் இல்லை. கொழுப்பு, பிரக்டோஸ், கொலஸ்ட்ரோல் மூன்றும் மிகுந்த உணவு, 16 வாரங்கள் என்று விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினேன்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு வழமையான எலித் தீவனம் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அதில் நார்ச்சத்தே வேறு. முடிவில் தெரியும் வித்தியாசம் கொழுப்பால் வந்ததா, நாரால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதே மூலப்பொருள்களில் கொழுப்பைக் குறைத்துச் செய்த உணவே சரி என்று மேற்பார்வையாளர் தடுத்தார். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொழுப்பு உணவு இளகிக் காறல் மணம் வரும். எலி முகர்ந்துவிட்டு விலகிவிடும். சிறு பொதிகளாக உறையவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். கூட்டின் உமியைச் சலித்து, சிந்திய துகள்களையும் நிறுத்தால்தான் உண்ட அளவு சரியாக வரும்.

முதல் தொகுதி ஈரல்கள் அனைத்தையும் போமலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் இட்டு மெழுகில் பதித்தது என் பெரும் பிழை. பதிக்கும் வழியிலேயே மதுசாரமும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிட்டன. நுணுக்குக்காட்டியில் வெண்குழிகள் மட்டும் தெரிந்தன. கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஒயில் ரெட் ஓ சாயம் பிடிக்க ஒரு துளியும் மிஞ்சவில்லை. உயிர் கொடுத்த எலிகளுக்கு நான் செய்த அநியாயம் என்று அன்றிரவு உறக்கம் வரவில்லை. அடுத்த தொகுதியில் ஒவ்வோர் ஈரலிலும் ஒரு பகுதியை உறையவைத்தேன். சிவப்புத் துளிகள் நிறைந்த முதல் வெட்டுமுகத்தைக் கண்டபோது கண் கலங்கியது.

எந்தக் குழுவின் எலி என்று தெரியாதபடி இலக்கமிட்டுப் புள்ளி வழங்கினோம்: கொழுப்புக்கு 0 முதல் 3, அழற்சிக்கு 0 முதல் 3, கலங்கள் உப்புவதற்கு 0 முதல் 2. கொழுப்பு நிறைய ஏறியிருந்தது, அழற்சி கொஞ்சம். ஈரலை இறுகவைக்கும் நார்த்தழும்பு ஏறக்குறைய இல்லை. அதற்கு இன்னும் நீண்ட காலம் ஊட்ட வேண்டும். அடுத்த விண்ணப்பத்தில் 30 வாரங்கள் கேட்டிருக்கிறேன்.