சாளுவன்குப்பத்துச் செங்கலும் கோவளத்து அலையும்

பினாங்கிலிருந்து படிக்க வந்த என்னை, விடுதித் தோழர்கள் சனிக்கிழமை விடிந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்து முடித்தோம். அது அழகுதான், ஆனால் என் மனம் ஒட்டியது அதற்கு வடக்கே உள்ள சாளுவன்குப்பத்தில்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபோது அங்குள்ள பாறையில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவை குறிப்பிட்ட முருகன் கோயிலைத் தேடி 2005இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானத்துக்கு அடியில், சங்க காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் செங்கற்கோயில் ஒன்றும் கிடைத்தது. வடக்கு நோக்கிய அக்கோயிலில் கல்லால் ஆன வேல் நிற்கிறது. பினாங்கின் தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு அந்த வேலின் முன்னிருந்து நகர மனம் வரவில்லை. செங்கற்கள் இன்றைய செங்கலைவிட அகன்று, தட்டையாக இருக்கின்றன.

மறுநாள் அதே சாலையில், சென்னைக்கு அருகே உள்ள கோவளத்தில் அலைச்சறுக்கு. மெழுகு தேய்த்த பலகையின் கயிற்றைக் கணுக்காலில் கட்டிவிட்ட மீனவக் குடும்பத்து அண்ணன், “காலைப் பார்க்காதீங்க தம்பி, கரையைப் பாருங்க” என்றார். அலை பலகையின் பின்புறத்தைத் தூக்கும் நொடியில், மார்பருகே உள்ளங்கைகளை ஊன்றி ஒரே வீச்சில் எழ வேண்டும். எழுந்தேன், உப்புநீரையும் வயிறு நிறையக் குடித்தேன். புதிதாகக் கற்பவர்கள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது. கடல் அப்போது மிகவும் கொந்தளிப்பாக இருக்கும்.